தம்பிக்கு, ஆசாரியைப் பற்றி

குன்னூர்,
ஐப்பசி கடைசி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே மூன்று நாளாக மழை விடவில்லை. இதை எழுத உட்காரும் முன் பூஜை அறைக் கதவைத் தோளால் இடித்துத்தான் திறந்தேன். கோத்தகிரியில் வாங்கிய வீட்டுக்கு மரவேலை ஆரம்பிக்கப் போவதாகவும், கோயமுத்தூரிலிருந்தே ஆள் கூட்டி வருவதாகவும் போனில் சொன்னாய். நீ அவசரத்தில் இருந்தாய், நான் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. அதனால் கடிதம்.

இங்குள்ள ஆசாரி ஒருவரையே வை. ஊர்ப் பாசத்தில் சொல்லவில்லை. என் சமையலறைக் கதை உனக்குத் தெரியும். கீழே ஒரு கடையில் காட்டிய படத்தில் மயங்கி, அலமாரி முழுக்க அவர்களிடமே கொடுத்தேன். இரண்டே நாளில் வந்து மாட்டிவிட்டுப் போனார்கள். முதல் மழைக்காலத்திலேயே சிங்க்குக்குக் கீழே இருந்த பலகை, டீயில் நனைத்த ரொட்டி மாதிரி உப்பிவிட்டது. அது மரமே இல்லை, மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய அட்டை. பிறகு வந்து பார்த்த இந்த ஊர் ஆசாரி கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்தினார், நகம் உள்ளே போனது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மறுபடி அவரைக் கூப்பிட்டபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "இந்தப் பக்கம் சாரல் அடிக்குமாம்மா?" என்பதுதான். நீ ஆள் பார்க்கும்போது இதைக் கவனி. டிசைன் புத்தகத்தை முதலில் விரிக்கிறவரை விட, மழை எந்தப் பக்கம் அடிக்கும் என்று கேட்கிறவர் மேல். ஊட்டிக்கு ஆனி, ஆடி மழை பெரிது. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் ஐப்பசி, கார்த்திகைதான் பெருமழை. கீழே வெயிலில் காய்ந்த பலகை இங்கே வந்ததும் ஈரத்தைக் குடித்து அகலத்தில் உப்பும். நீளத்தில் மாறுவது சொற்பம். மாசியில் கச்சிதமாக மாட்டிய கதவு ஐப்பசியில் தோளைக் கேட்பது அதனால்தான். மேட்டுப்பாளையத்தில் மரம் எடுத்தாலும் சரி, வந்த அன்றே உளி வைக்க விடாதே. அந்த வீட்டுக்குள்ளேயே, நடுநடுவே குச்சி வைத்துக் காற்றோட்டமாக அடுக்கி மூன்று, நான்கு வாரம் கிடக்கட்டும்.

கதவு மாட்டும்போது நம்மவர் நிலைக்கும் கதவுக்கும் நடுவே ஒரு நாணயத்தைச் செருகிச் சுற்றிலும் ஓட்டிப் பார்ப்பார். எங்காவது சிக்கினால் கழற்றி இன்னொரு தடவை இழைப்புளி போடுவார். அதை விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பெயின்டர்கள் முகத்துக்கு மினுமினுவென்று அடித்துவிட்டு, கதவின் தலையையும் அடியையும் அப்படியே விட்டுவிடுவார்கள். வெட்டுவாய் வழியாகத்தான் மரம் அதிகம் தண்ணீர் குடிக்கும். மாட்டுவதற்கு முன்பே ஆறு பக்கமும் பிரைமர் அடிக்கச் சொல். சந்தேகமாக இருந்தால் கதவுக்கு அடியில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார். நான் பார்த்தேன். என் பூஜை அறைக் கதவின் அடி பூச்சே இல்லாத வெறும் மரமாகவே இருக்கிறது.

தோட்டத்துச் சில்வர் ஓக்கை வெட்டிக் கதவு போட்டால் என்ன என்று கேட்டாய். அது உன் நிலத்து மரம்தான், ஆனால் இங்கே நினைத்தபடி வெட்ட முடியாது. 1955-ஆம் வருஷத்து மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அதற்கென்று இருக்கும் கமிட்டியின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் அது வாசல் கதவுக்கு ஆகாது. தேயிலைக்கு நிழலாகட்டும் என்று வளர்த்த ஆஸ்திரேலிய மரம் அது. ப்ளைவுட்டுக்கும் பெட்டிக்கும் நல்லது, மழையில் நிற்காது, வண்டும் துளைக்கும். சமையலறைக்கு ப்ளைவுட் வாங்கினால் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று நீயே பார். 303 போட்டதில் சாதா ரகமும் உண்டு, அதைச் சிங்க் பக்கம் கொண்டுபோகாதே.

பழைய கதவுகளை விறகுக்குப் போடப் போகிறாயாமே! அவை தேக்கு. எத்தனையோ மழை பார்த்துவிட்ட மரம், இனி அது ஆடுகிற ஆட்டம் குறைவு. ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் கோயிலைக் கட்டியபோது, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையைப் பிரித்த உத்திரங்களை மலையேற்றிக் கொண்டுவந்துதான் வைத்தார்கள். 1831-இல் திறந்த கோயில், இன்னும் நிற்கிறது. நீ ஒரு கதவை எரிக்கப் பார்க்கிறாய். அதுவும் எந்த ஊரில்? கோத்தர்கள் பெயரால் அமைந்த ஊரில். தோடருக்கும் படகருக்கும் மரவேலையும் இரும்பு வேலையும் செய்து கொடுத்தவர்கள் அவர்கள்.

புதிதாக நிலை தேவைப்பட்டால் கணக்கை நீயே போட்டு வைத்துக்கொள். 7 அடிக்கு 3½ அடி நிலை, நான்கு பக்கமும் சேர்த்து 21 அடி. 5-க்கு 3 அங்குலச் சட்டம் என்றால் 21-ஐ 15-ஆல் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும், சுமார் 2.2 கன அடி வரும். சேதாரம் கொஞ்சம் சேர்த்துக்கொள். யாராவது நாலு கன அடி என்றால் எப்படி என்று கேள். மரத்தை நீயே ரசீதோடு வாங்கு, அவருக்கு வேலைக்கூலி மட்டும் பேசு. ரிப்பேருக்கு நாள் கூலி சரி, புது அலமாரிக்குச் சதுர அடிக் கணக்கு. அட்வான்ஸ் ஒரேயடியாகக் கொடுக்காதே. அதற்காகப் பேரம் பேசி அவர் மனசு நோகவும் வைக்காதே, அந்தக் கை நமக்கு இன்னும் பல வருஷம் வேண்டும்.

அவர் தையில் வேலை ஆரம்பிக்கலாம் என்கிறார். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து வீட்டைப் பார்க்க வேண்டுமாம், மழை பெய்கிற நாளாக இருந்தால் இன்னும் நல்லதாம். எந்த ஞாயிறு என்று உடனே எழுது. நிலை வைக்கிற அன்று அவருக்குக் கொடுக்க வேட்டி, துண்டு ஒரு செட் வாங்கி வா. நாலு முழம் வேண்டாம், எட்டு முழமாக வாங்கு.

அன்புடன்,
உன் அக்கா