பகுதி எண்

தரம் 6 பிள்ளைகளுக்குப் பின்னம் தொடங்கும்போது நான் எப்போதும் சொல்வது ஒன்றுண்டு. மேலே இருக்கிற தொகுதி எண்ணைப் பார்த்து மிரளாதீர்கள், கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஏழு பெரிதா, சிறிதா? எட்டில் ஏழா, எழுநூறில் ஏழா? வருடா வருடம் இதைச் சொல்லிவந்த நான், என் சொந்த விஷயத்தில் மட்டும் அதை மறந்துபோனேன்.

2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிந்திய மாதங்கள் அவை. பெரியமடுவில் மீளக்குடியேறிவிட்டாலும் எங்களில் பலருக்குப் பாதி உறவு இன்னும் புத்தளத்திலேதான். உம்மாவைப் பார்க்க மச்சானின் வானை இரவல் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு அடிக்கடி போய்வருவோம். வழியில் ஒரு சாவடி. எது என்று இங்கே எழுதப்போவதில்லை. மனைவியின் ஹபாயா கண்ணில் பட்டதும் கை நீளும், "கொஹெத யன்னே?" என்ற கேள்வி வரும், எல்லோரும் இறங்க வேண்டும். ஒருமுறை பிள்ளையின் பால்மாப் பேணியையும் திறந்து முகர்ந்து பார்த்தார்கள். முகத்தை மூடும் உடைக்கு ஏப்ரல் 29 முதல் அவசரகாலச் சட்டத்தின் கீழ் தடை இருந்தது உண்மை. ஆனால் மனைவி முகம் மூடுபவள் அல்ல. மே மாதத்தில் ஹசலகவில், கப்பல் சுக்கான் படம் போட்ட உடுப்பு உடுத்திய முஸ்லிம் பெண்ணொருவரை, அது தர்மச்சக்கரம் என்று சொல்லிக் கைதுசெய்தார்கள். அதற்குப் பிறகு துணியில் உள்ள பூவைக்கூட இரண்டு தரம் பார்த்துத்தான் உடுத்தினாள்.

நான் ஒரு கொப்பி போட்டேன். திகதி, நேரம், எவ்வளவு நேரம் நிறுத்தினார்கள், எதைத் திறந்தார்கள். கணித வாத்தியின் கோபம் கொப்பியில்தான் இறங்கும். சில பக்கங்கள் நிரம்பியதும் சக ஆசிரியர் ஒருவரிடம் காட்டினேன். அவர் அடம்பன் பக்கத்துத் தமிழர், என்னைவிட மூத்தவர். நிதானமாகப் படித்துவிட்டு, "எல்லாம் சரி சேர், அண்டைக்கு அந்தச் சாவடியால போன மற்ற ஆக்கள் எத்தின பேர்? அதில எத்தின பேரை இறக்கினவங்கள்?" என்று கேட்டார்.

என்னிடம் பகுதி எண் இல்லை.

இந்தக் கேள்வியை நீதிமன்றம் வரை கொண்டுபோனவர்கள் உண்டு என்பதைப் பிறகுதான் வாசித்தேன். அமெரிக்காவில் நியூ ஜேர்சி பெருந்தெருவில் கறுப்பினத்தவரையே பொலிஸ் அதிகம் மறிக்கிறது என்று வழக்கு வந்தது. லாம்பெர்த் என்ற உளவியல் பேராசிரியர் செய்தது மிக எளிய வேலை. தெருவோரம் ஆட்களை இருத்தி, 42,000க்கும் அதிகமான கார்களில் யார் போகிறார்கள் என்று எண்ண வைத்தார். இன்னொரு காரில் போய், வேகக் கட்டுப்பாட்டை மீறுகிறவர்களையும் எண்ணினார்கள். மீறாதவர் அநேகமாக யாருமில்லை. கறுப்பினத்தவர் இருந்த கார்கள் 13.5 வீதம். வேகம் மீறியவற்றில் 15 வீதம். மறிக்கப்பட்டவற்றில் 35 வீதம். 1996 இல் நீதிபதி இந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டார். மறிக்கப்பட்டவர்களை எண்ணியதால் மட்டும் அந்த வழக்கு நிற்கவில்லை, மறிக்கப்படாதவர்களையும் எண்ணியதால் நின்றது.

அது மட்டும் போதாது என்று வாதிடலாம், வாதிடவும் வேண்டும். எங்கள் கரையோரத்தையே எடுங்கள். பீடி இலையும் கஞ்சாவும் கடலால் வருகின்றன. இறக்குமதித் தடைக்குப் பிறகு மஞ்சளும் வந்தது. மன்னார் வீதியில் வாகனத்தை மறிக்கப் பொலிஸுக்குக் காரணம் இல்லை என்று நான் சொன்னால் என் மாணவனே சிரிப்பான். அதற்கு இன்னொரு கணக்கு இருக்கிறது: திறந்து பார்த்த வாகனங்களில் எத்தனையில் பொருள் அகப்பட்டது? ஒரு சாராரின் வாகனங்களை அதிகம் திறந்தும் அகப்படுவது குறைவு என்றால், அவர்களைச் சந்தேகிக்கச் சிறிய காரணமே போதுமாக இருந்திருக்கிறது என்று பொருள்.

என்னை மிகவும் கவர்ந்தது இருட்டை வைத்துச் செய்யும் சோதனை. ஆள் யார் என்று தெரியாத இருட்டில் மறிக்கப்படுகிறவர்களின் விகிதத்தையும், அதே கடிகார நேரத்தில் வெளிச்சம் உள்ள பருவத்து விகிதத்தையும் ஒப்பிடுகிறார்கள். 2020 இல் ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் பல கோடி மறிப்புகளை எடுத்துப் பார்த்தபோது, இருட்டியதும் கறுப்பினத்தவரின் பங்கு குறைந்தது. இது நம் நாட்டுக்கு அவ்வளவு பொருந்தாது. மஃரிப் நேர அட்டவணை வீட்டில் தொங்குகிற நமக்கு அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மன்னாரில் சூரியன் மறையும் நேரம் வருடம் முழுவதும் ஏறத்தாழ முக்கால் மணிக்குள்தான் அசைகிறது. ஒப்பிடக் கிடைக்கும் இடைவெளி அவ்வளவுதான்.

அதற்கும் முதலில் பதிவு வேண்டுமே. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சோதனையிடப்படுபவரின் இனத்தையும் எழுதி வருடாவருடம் வெளியிடுகிறார்கள். 2023 மார்ச்சில் முடிந்த ஆண்டில் கறுப்பினத்தவர் வெள்ளையரைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு சோதிக்கப்பட்டார்கள் என்பது அந்த அரசே சொன்ன கணக்கு. நான் நின்ற சாவடிகளில் எழுதியது வாகன இலக்கமும் அடையாள அட்டை இலக்கமும்தான். 2016 இன் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தாலும், எழுதாத நிரலை எவர் எடுத்துத் தருவார்?

சில இடங்களில் கணக்கே தேவைப்படாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களை வெளியேற்றியபோது தொகுதியும் பகுதியும் ஒன்றாகவே இருந்தன. வாப்பாவின் சாரத்தைப் பிடித்துக்கொண்டு நடந்த பத்து வயதுப் பையன்களில் நானும் ஒருவன். 2007 ஜூன் 7 இல் கொழும்பு லொட்ஜுகளிலிருந்து 376 தமிழரை பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பித்தது. அங்கேயும் விகிதம் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

சக ஆசிரியரின் கேள்வி என்னை வேறோர் இடத்தில் கொண்டுபோய் விட்டது. 2006 இல், கலாசாலைப் பயிற்சிக் காலம். மன்னார்த் தமிழ் நண்பர் ஒருவரோடு பஸ்ஸில் கொழும்பு போனேன். வழியில் எல்லோரையும் இறக்கி அட்டை கேட்டார்கள். அந்நாளில் வடக்கு, கிழக்கில் கொடுத்த அட்டையில் சிங்களத்தோடு தமிழும் இருக்கும், மற்ற மாவட்டங்களில் சிங்களம் மட்டும். இரு மொழியும் எல்லோருக்கும் வந்தது 2014 இல்தான். புத்தளத்தில் எடுத்த என் அட்டையை நீட்டினேன். போதாதற்கு, கேட்காமலே "முஸ்லிம்" என்றும் சொன்னேன். கான்ஸ்டபிள் "ஹரி, யன்ன" என்றார். நண்பரை ஒதுக்கி நிறுத்தினார்கள். நான் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பஸ் வெளிக்கிட்டது. பின்கண்ணாடிப் பக்கம் நான் திரும்பவில்லை.

அவர் மறுநாள்தான் வந்து சேர்ந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை.

இதைச் சக ஆசிரியரிடம் சொன்னபோது அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே, "அப்ப எங்களையும் அப்பிடித்தான் சேர்" என்று மட்டும் சொன்னார்.

கொப்பியில் இப்போது இரண்டு நிரல்கள் உண்டு. இரண்டாவது, மறிக்கப்படாதவர்களுக்கானது. அதில் முதல் வரியாக 2006 என்று போட்டு, என் பெயரை எழுதியிருக்கிறேன்.