ரியோ நீக்ரோ: கருநீர் ஆறும் அதன் மீன்களும்

ரியோ நீக்ரோ கொலம்பியாவில் குவைனியா என்ற பெயரில் பிறந்து, ஏறத்தாழ 2,250 கி.மீ. ஓடி, பிரேசிலின் மனாவுஸ் நகரருகே அமேசானில் கலக்கிறது. இதன் படுகையில் 1,100-க்கும் மேற்பட்ட மீனினங்கள் பதிவாகியுள்ளன. மணற்பாங்கான காட்டு நிலத்தில் மட்கும் இலைதழைகளின் சாறு இறங்குவதால், தண்ணீர் பால் கலக்காத தேநீர் போலத் தோன்றும். அது அமிலத்தன்மை மிக்கது. தாது உப்புகள் மிகக் குறைவு.

வெனிசுவேலா எல்லையில் கசிகியாரே என்னும் இயற்கைக் கால்வாய் வந்து சேர்கிறது. ஒரினோகோவையும் அமேசானையும் இணைக்கும் இவ்வழியில் 1800-இல் இயற்கையியலாளர் ஹம்போல்ட் பயணம் செய்தார். ஆல்டம் ஏஞ்சல் மீன் ஒரினோகோவிலும் மேல் நீக்ரோவிலும் வாழ்கிறது. உயர்ந்த உடலும், மூக்கின்மேல் சட்டென விழும் பள்ளமும் அதன் அடையாளங்கள்.

உவாபேஸ் ஆறு கலந்தபின், சாவோ கப்ரியேலில் நீர் பாறைகள்மீது பாய்கிறது. உறிஞ்சு வாய்க் கெளுத்திகள் அங்கே பாறையைப் பற்றி வாழ்கின்றன. இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் வாலஸ் 1850 முதல் 1852 வரை இப்பகுதிகளில் மீன்களை வரைந்தார். திரும்பும் வழியில் கப்பல் எரிந்து அவரது சேகரிப்புகள் அழிந்தன. சுமார் 200 மீன் ஓவியங்கள் தப்பின. அவை 2002-இல் நூலாக வெளிவந்தன.

ஆற்றின் போக்கில் இன்னும் கீழே பார்செலோஸ் என்ற ஊர் உள்ளது. கார்டினல் டெட்ராவைப் பிடித்து விற்பது இவ்வூரின் பழைய தொழில். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் இடையிலுள்ள சிறு கொழுப்புத் துடுப்பு டெட்ராக்கள் பலவற்றுக்கும் பொது. ஏஞ்சல், டிஸ்கஸ் அடங்கிய சிக்லிட் குடும்பத்தில் அது இல்லை. கார்டினலின் சிவப்புப் பட்டை உடல் முழுதும் நீளும். நியான் டெட்ராவில் அது பின்பாதியில் மட்டுமே இருக்கும்; பச்சை நியானில் மிக மங்கலாகத் தெரியும்.

கீழே ரியோ பிராங்கோ வண்டலோடு வந்து சேர்கிறது. அதன்பின் அனவில்யானாஸ் தீவுக்கூட்டம் தொடங்குகிறது. வெள்ளக் காலத்தில் கரைக்காடுகள் மூழ்கும். மீன்கள் மரங்களுக்கிடையே நுழைந்து பழங்களையும் விதைகளையும் தின்னும். உருவத்தில் ஒத்த பிரானாவையும் பாக்குவையும் பல் கொண்டு பிரிக்கலாம்: முன்னதற்கு ஒற்றை வரிசையில் கூரிய முக்கோணப் பற்கள், பின்னதற்குக் கொட்டைகளை நொறுக்கும் தட்டையான பற்கள்.

மனாவுஸுக்குக் கீழே, ஆண்டிஸ் வண்டலைச் சுமந்து வரும் சொலிமோயிஸை (அமேசானின் மேற்பகுதிக்குப் பிரேசிலில் வழங்கும் பெயர்) நீக்ரோ சந்திக்கிறது. வேகம், வெப்பம், அடர்த்தி ஆகிய மூன்றும் வேறுபடுவதால், இரு நிற நீரும் சில கிலோமீட்டர் தூரம் கலக்காமல் அருகருகே ஓடுகின்றன. பல மீன்களுக்கும் இது எல்லை. 1840-இல் விலங்கியலாளர் ஹெக்கல் விவரித்த நீக்ரோவின் டிஸ்கஸில் முதல், ஐந்தாம், ஒன்பதாம் பட்டைகள் தடித்திருக்கும். சொலிமோயிஸின் பச்சை டிஸ்கஸில் செம்புள்ளிகள் காணப்படும். எனவே செதில், துடுப்புக் கதிர், பல் ஆகியவற்றுடன், மீன் பிடிபட்ட ஆற்றின் பெயரையும் இனங்காண்போர் பதிவு செய்கின்றனர்.