விட்லர் கண்ட சிக்கனம்

1963இல் சிப் வடிவமைப்பாளர் பாப் விட்லர் ஃபேர்சைல்ட் நிறுவனத்தில் சேர்ந்தபோது, போர்டில் தனித்தனிப் பாகங்களாகக் கட்டிய சர்க்யூட்டை அப்படியே சிலிக்கானுக்குள் நுழைக்கத்தான் பலரும் முயன்றுகொண்டிருந்தார்கள். சிலிக்கானின் சுபாவமே வேறு. அங்கே பெரிய ரெசிஸ்டர் இடத்தை விழுங்கும். மதிப்பும் சொன்னபடி அமையாது. டிரான்சிஸ்டரோ மலிவு. அதிலும் ஒரே துண்டில் பக்கத்துப் பக்கத்தில் உருவானவை அச்சு அசலாக ஒன்றுபோல நடக்கும். இந்த ஒற்றுமையைத்தான் விட்லர் பிடித்துக்கொண்டார். அனலாக் சிப் வடிவமைக்கும் நாங்கள் எல்லோரும் இன்றுவரை அதை வைத்துத்தான் பிழைக்கிறோம்.

741 ஆப்-ஆம்ப்பைப் பாருங்கள். 1968இல் அதை வடிவமைத்தவர் டேவ் ஃபுல்லகர். ஆனால் உள்ளே ஒரு மூலையில் விட்லரின் கரன்ட் சோர்ஸ் இருக்கிறது. ±15 வோல்ட்டில் 19 மைக்ரோஆம்பியர் மட்டும் வேண்டும். ஒற்றை ரெசிஸ்டரால் அதை எடுக்க ஏறத்தாழ 15 லட்சம் ஓம் தேவை. சிப்பில் அதற்கு இடமேது? அதற்குப் பதில் விட்லர் வைத்த ஜோடி டிரான்சிஸ்டர்களில் முதலாவதில் 39,000 ஓம் வழியாக 0.73 மில்லிஆம்பியர் ஓடுகிறது. இரண்டாவதன் எமிட்டரில் 5,000 ஓம். மின்னோட்டம் 38 மடங்கு குறைந்தாலும் பேஸ்-எமிட்டர் மின்னழுத்தம் சுமார் 95 மில்லிவோல்ட்தான் குறையும். அது அந்த 5,000 ஓம் மீது விழுகிறது. வகுத்தால் 19 மைக்ரோஆம்பியர். இத்தனை வருடம் கழித்தும் இந்தக் கணக்கைப் போடும்போது எனக்கு மனம் நிறைகிறது.

அதோடு விட்லர் நிற்கவில்லை. ஜோடியின் பேஸ்-எமிட்டர் மின்னழுத்தங்களுக்கு இடையே உள்ள அந்த வித்தியாசம் வெப்பம் ஏற ஏறக் கூடும். ஒற்றை டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் மின்னழுத்தமோ டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும். நேஷனல் செமிகண்டக்டரில் இருந்தபோது இரண்டையும் தக்க விகிதத்தில் கூட்டி, வெப்பத்துக்கு அவ்வளவாக அசையாத 1.2 வோல்ட்டை எடுத்தார். அதுதான் பேண்ட்கேப் ரெஃபரன்ஸ். அதை வைத்து வந்தது எல்எம்109 ரெகுலேட்டர். ஒன்றின் குறையை இன்னொன்றின் குறையால் தீர்த்த அந்த யோசனையை நான் அவருடைய வேலையிலேயே உயர்ந்ததாக வைப்பேன்.

அவருடைய குடியையும் முரட்டுத்தனத்தையும் பற்றிய கதைகள்தான் அதிகம் உலவுகின்றன. 1991இல், 53 வயதில் அவர் இறந்த பிறகும் அவை ஓயவில்லை. மாணவர்கள் அவற்றை விட்டுவிட்டு அவருடைய சர்க்யூட்டுகளைப் படிக்க வேண்டும். சிமுலேட்டரைத் திறக்கும் முன் அந்த 95 மில்லிவோல்ட் எங்கிருந்து வருகிறது என்று காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.