சக்கர நாற்காலியைத் தள்ளும் கைகள்



மாற்றுத்திறனாளிகளைப் பற்றிப் பேச எல்லோருக்கும் ஆசை உண்டு. டிசம்பர் 3 வந்தால் போதும், மேடை, மாலை, மைக்! ஆனால் அந்த மேடை வரைக்கும் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த கைகள் யாருடையவை என்று யாராவது திரும்பிப் பார்த்திருக்கிறோமா? இந்த மலரில் நான் எழுத வந்தது அந்தக் கைகளைப் பற்றித்தான்.

நம் பக்கத்துக்கு இது புதிய விஷயம் இல்லை. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி எங்கெங்கோ உள்ள ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. நம் கிருஷ்ணன்கோவிலிலேயே கலசலிங்கம் வளாகத்தில் காது கேளாத மாணவர்களுக்கென்று தனியாக பி.டெக் வகுப்புகள் நடத்தப்பட்டிருக்கின்றன. அப்படிப்பட்ட வகுப்பில் ஆசிரியர் சொல்வதைக் கையால் மாற்றிச் சொல்ல ஒருவர் நிற்க வேண்டும். ஒரு மணி நேரம் கையை இறக்காமல் நின்று பாருங்கள், தெரியும்! மாணவனுக்குப் பட்டம் கிடைக்கும், பேப்பரில் போட்டோ வரும். பக்கத்தில் நின்ற அந்த ஆள் போட்டோவுக்கு வெளியே.

இனி எங்கள் வீட்டுக் கதை. என் பெரியப்பா மகள், எனக்கு அக்கா, சிறப்புக் கல்வி படித்தவர். பள்ளிக்கு வரமுடியாத குழந்தைகளின் வீடுகளுக்கே போய்ச் சொல்லிக் கொடுக்கிற வேலை. எந்தத் திட்டம், எந்த அலுவலகம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ஒப்பந்த ஊழியர். தொகுப்பூதியம். ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூர், மறுநாள் மலையடிவாரத்தில் ஒரு ஊர். பஸ் இல்லாத இடத்துக்கு ஷேர் ஆட்டோ, அதுவும் இல்லாவிட்டால் நடை. பயணப்படி எழுதிக் கொடுத்து ஐந்து மாதம் ஆகிறது.

"கேக்க வேண்டியதுதானக்கா?" என்றேன்.

"கேட்டேன்டா தம்பி. 'சேவை மனப்பான்மை வேணும்மா'ன்னாங்க. பஸ்ல கண்டக்டர்கிட்ட சேவை மனப்பான்மைன்னு சொன்னா டிக்கெட் குடுப்பாரா?"

இந்த 'சேவை' என்ற சொல்தான் எனக்குப் பிடிபடவில்லை. லேத் ஓட்டுகிறவனிடம் யாரும் சேவை மனப்பான்மை கேட்பதில்லை, சம்பளம் பேசுகிறார்கள். ஒரு குழந்தையை நிமிர்ந்து உட்கார வைக்கக் கற்றுக்கொடுப்பது லேத்தை விடச் சுலபமான தொழிலா? 1992-ல் மத்திய அரசு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தது. அதன்படி சிறப்பு ஆசிரியர், செவித்திறன் நிபுணர், செயற்கைக் கால் செய்பவர் போன்றவர்கள் அங்கீகரிக்கப்பட்ட படிப்பு முடித்து, பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு இல்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆக, படிப்பைக் கேட்கும்போதும் பதிவைக் கேட்கும்போதும் அது தொழில். கூலி கேட்டால் மட்டும் சேவை!

அக்காவாவது மாலையில் வீடு திரும்பிவிடுவார். திரும்ப முடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர் வாரம் ஒருமுறை போகும் ஒரு வீட்டில் மூளை முடக்குவாதம் உள்ள 11 வயதுப் பையன். அவனை இரவும் பகலும் பார்ப்பவர் அவன் அம்மா. முன்பு மில் வேலைக்குப் போனவர், பையன் பிறந்ததும் நின்றுவிட்டார். ஒரு சம்பளம் போனது. ஆஸ்பத்திரிச் செலவு கூடியது. பையனுக்கு இப்போது 26 கிலோ. தரையிலிருந்து தூக்கி, குளிப்பாட்டி, மறுபடி படுக்க வைத்து... ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கேட்டேன். "எண்ணுனா தூக்க முடியாது தம்பி" என்றார்.

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை நண்பர்கள் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். 1995 சட்டத்தில் 7 ஆக இருந்த வகைகள் இதில் 21 ஆயின. அரசு வேலையில் 3 சதவீதம் 4 ஆனது. அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடம். இதெல்லாம் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்ததே. தெரியாத ஒன்று 24-வது பிரிவில் இருக்கிறது. அதிக ஆதரவு தேவைப்படுகிறவர்களுக்குப் பராமரிப்பாளர் படி வழங்க அரசுகள் திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது, அதுவும் அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு! அந்த ஒரு வரி இந்தத் தெருவுக்கு வந்து சேர எத்தனை மேசைகளைத் தாண்ட வேண்டுமோ... அந்த அம்மாவிடம் சொன்னபோது, "எனக்குன்னு சட்டத்துல எழுதியிருக்கா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

நம் மாதிரி பொறியியல் படித்த ஒருவர் தொடங்கிய வேலையையும் சொல்ல வேண்டும். ராஜபாளையத்திலிருந்து தென்காசி பஸ் ஏறினால் போய்ச் சேரக்கூடிய ஊர் ஆய்க்குடி. அந்த ஊர் எஸ்.ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1976-ல் கடற்படை அதிகாரித் தேர்வின் உடல்திறன் சோதனையில் விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டது. கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. தனக்குச் சிகிச்சை அளித்த ஏர் மார்ஷல் டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல் பெயரில் 1981-ல் 'அமர் சேவா சங்கம்' தொடங்கினார். தசைச் சிதைவு நோயுள்ள ஆடிட்டர் எஸ்.சங்கரராமன் 1992-ல் வந்து சேர்ந்துகொண்டார். 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ.

விருதை விட என்னை ஈர்த்தது அவர்கள் வேலை செய்யும் முறை. கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, குழந்தைகளின் வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். கையில் ஒரு செயலி. அதில் குழந்தையின் முன்னேற்றம் பதிவாகிறது. அதோடு, பார்த்துக்கொள்ளும் தாய்க்கு எவ்வளவு பாரம் என்பதையும் கேள்வித்தாள் வைத்து அளக்கிறார்கள். அளந்தால்தானே குறைக்க முடியும்? முதல் செமஸ்டரிலிருந்து வெர்னியரைக் கையில் கொடுத்து நமக்குச் சொல்லித் தருவதும் அதுதானே!

அளக்கத்தான் நாங்கள் நான்கு பேர் அக்காவோடு அந்த வீட்டுக்குப் போனோம், டேப்பை எடுத்துக்கொண்டு. கட்டிலின் உயரம் 14 அங்குலம். அந்த அம்மா ஒவ்வொரு தடவையும் முழங்கால் அளவுக்குக் குனிகிறார். இடுப்பு வலிக்காமல் என்ன செய்யும்? இரும்புக் குழாயை வெட்டி, அடியில் தகடு வைத்து வெல்டிங் செய்து, கட்டிலின் நான்கு கால்களுக்கும் 10 அங்குலத்தில் முட்டுக் கொடுத்தோம். உயரம் கூடினால் பையன் புரண்டு விழுவானே என்று பிசியோதெரபிஸ்ட் எச்சரித்தார். பக்கத்துக்கு ஒன்றாகத் தடுப்புக் கம்பி, கழற்றி மாட்டும்படி. மொத்தச் செலவு எங்கள் ஒரு வார டீக்காசு அளவுதான்.

ஜெய்ப்பூர் கால் தெரியுமல்லவா? 1968-ல் அதை உருவாக்கியதில் டாக்டர் பி.கே.சேத்தியோடு சமபங்கு உடையவர் ராம்சந்திர சர்மா, ஒரு கைவினைஞர். ரப்பரும் மரமும் அறிந்த கை. டிப்ளமோக்காரர்கள் அவரை நம் ஆள் என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

கட்டில் சுலபம். வாசல்தான் மாட்டிக்கொண்டது. இரண்டு படி, மொத்தம் 12 அங்குலம். சாய்தளத்துக்கு விதி 1-க்கு 12. ஒரு அங்குலம் ஏற ஒரு அடி நீளம். அப்படியானால் 12 அடி வேண்டும். தெருவே 9 அடி! நேராக வைத்தால் எதிர்வீட்டுத் திண்ணையில் போய் முட்டும். செங்குத்தாக வைத்தால் நாற்காலியைத் தள்ளும் அம்மாவே பின்னால் உருளுவார். சாய்தளம் என்ற பெயரில் சறுக்குமரம் கட்டி வைத்திருக்கும் சில கட்டடங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதெல்லாம் ரிப்பன் வெட்டுவதற்கு மட்டும் ஆகும்.

கடைசியில் சர்வே பாடம் கைகொடுத்தது. வீட்டு முகப்பு 17 அடி. சுவரை ஒட்டியே பக்கவாட்டில் 12 அடி, மேலே நாற்காலி திரும்ப 5 அடித் தளம். சரியாக முடிகிறது. ஆனால் வாறுகாலை மூட வேண்டும், அதற்கு அனுமதி வேண்டும். எதிர்வீட்டுத் தாத்தா முதலில் முறைத்தார். பிறகு, "எனக்கும் முட்டு வலிதான், ஒரு கைப்பிடியும் சேத்து வச்சிருங்கப்பா" என்றார். வரைபடத்தில் கைப்பிடியும் ஏறிவிட்டது.

மனு கொடுத்திருக்கிறோம். ரசீது அக்காவின் பையில் இருக்கிறது, அவருடைய பயணப்படி மனுவின் நகலோடு. அனுமதி வந்ததும் இரண்டு சனிக்கிழமை வேலை. சிவில் பிரிவில் கலவை போடத் தெரிந்தவர்கள் இருவர் தேவை. விருப்பமுள்ளவர்கள் மெஷின் ஷாப்பில் என்னைப் பார்க்கவும். டீ எங்கள் செலவு.

— இயந்திரவியல், மூன்றாம் ஆண்டு