சவுரி தேடி மலாக்காவுக்கு

என் மகளுக்கு வைகாசியில் கல்யாணம். புடவை, நகை, மண்டபம் எல்லாம் முடிவாகிவிட்டன. தலைமுடி மட்டும்தான் பாக்கி. எங்கள் குடும்பத்துப் பெண்களுக்கு முடி நீளமாக வளரும். ஆனால் கோடு போட்ட மாதிரி நேராக, தலையோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். பின்னினால் எலிவால்தான். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகள், போன வருடம் ஒரு சலூனில் சாயம் போட்ட முடிக்கு மேலேயே சுருள் வைக்கும் மருந்தையும் போட்டுக்கொண்டாள். இரண்டே வாரத்தில் நுனியெல்லாம் முறிந்து கையோடு வந்தது. வெட்டியது போக, இப்போதுதான் தோளுக்குக் கீழே இறங்கியிருக்கிறது.

"இனிமே மருந்து வேணாம்மா. சவுரி வச்சுப் பின்னிக்கிறேன்," என்றாள். ஒரு சனிக்கிழமை காலையில் கிளம்பினோம். என் அம்மா இருப்பது ஜாசினில். வழியில் மலாக்கா பட்டணத்தில் சவுரி வாங்கிவிட்டு, பாட்டியையும் பார்த்து வரலாம் என்று திட்டம்.

ஆயர் குரோ சாவடியில் இறங்கிப் பட்டணத்துக்குள் போனோம். ஜாலான் பெண்டஹாராவில் மல்லிகைச் சரமும் புடவைக் கடையும் பாட்டுச் சத்தமுமாக நம் ஆட்களின் கடைத்தெரு. சவுரி பிளாஸ்டிக் உறைக்குள் தொங்குகிறது. விலை குறைந்தது நைலான். பளபளவென்று மின்னும், சூடான இரும்பு பட்டால் உருகும். நிஜ முடிக்கு விலை அதிகம். அது எங்கேயோ ஒரு கோயிலில் யாரோ காணிக்கையாகக் கொடுத்த முடியாகவும் இருக்கலாம். திருமலையில் இறக்கும் முடியைத் தேவஸ்தானமே ஏலம் விடுகிறதே! கடை விளக்கில் எல்லாச் சவுரியும் கறுப்பாகத்தான் தெரிந்தது. வாசலுக்கு எடுத்துவந்து மகளின் முடியோடு வைத்துப் பார்த்தால் எதுவுமே சேரவில்லை. நம் முடி வெயிலில் கொஞ்சம் செம்பட்டை அடிக்கும். சவுரி வாங்குகிறவர்கள் வாசல் வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள். நாங்கள் வெறுங்கையோடு திரும்பினோம்.

வந்ததற்கு ஜாலான் துக்காங் எமாஸில் இருக்கும் பொய்யாத விநாயகரைக் கும்பிட்டோம். 1781-இல் எழுந்த கோயில், மலாக்கா செட்டிகளுடையது. அங்கிருந்து அவர்களுடைய கிராமமான காஜா பெராங்குக்குப் போனோம். சோழமண்டலக் கரையிலிருந்து வணிகத்துக்கு வந்து, இங்கேயே பெண் கட்டி, மலாய் பேசிக்கொண்டு மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். வாசலில் மாவிலைத் தோரணம், பெண்களுக்குச் சரோங் கெபாயா, பண்டிகை நாளில் ஊசி குத்திய கொண்டை. கைப்பேசியில் அந்தக் கொண்டைப் படங்களைத் தேடிப் பார்த்த மகள், "இதுல யாருக்கு முடி கம்மின்னு கண்டே பிடிக்க முடியலையேம்மா!" என்றாள். உண்மைதான். நேர்முடியைத் தொங்கவிட்டால் காட்டிக்கொடுத்துவிடும், சுற்றிக் கட்டினால் கூட்டிக் காட்டும்.

ஜாசின் சாலையில் இரண்டு பக்கமும் செம்பனை. நான் பிறந்தபோது நின்றவை கித்தா மரங்கள். மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக முதன்முதலில் நட்ட இடங்களில் இந்த மாநிலமும் ஒன்று. 1896-இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கி, பிறகு புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் போட்டார். என் அம்மா பால்மரம் வெட்டிய தோட்டம் அதற்கு ரொம்பத் தூரமில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போகும்போது முடியை இறுக்கி முடிந்து, துணி கட்டி, அதற்கு மேல் நெற்றி விளக்கு. பகல் முழுக்க வியர்வையில் ஊறிய முடிக்கு அடர்த்தி எங்கிருந்து வரும்? தோட்டத்து மாரியம்மன் திருவிழா அன்று மட்டும் தலைக்குக் குளித்து, சவுரி வைத்துப் பின்னி, கனகாம்பரம் சூடி வருவார். அன்றைக்கு அவர் வேறு ஒரு பெண்ணாகத் தெரிவார்.

முடி அடர்த்தியாக வளர வேண்டுமென்று எனக்கு இரண்டு முறை மொட்டை போட்டார்கள். பலனில்லை. முடியின் கனமும் வளைவும் தோலுக்குள் இருக்கும் வேரிலேயே முடிவாகிவிடும், மேலே மழித்தால் வேருக்குத் தெரியாது. நேர்முடியில் இன்னொரு சங்கடம், தலையில் சுரக்கும் எண்ணெய் தடையில்லாமல் வழுக்கி இறங்கிவிடும். சுருள்முடியில் அது அவ்வளவு எளிதாக இறங்காது. அதனால்தான் காலையில் குளித்த தலை மாலையில் ஒட்டிப் போகிறது. தேங்காயெண்ணெயைக் குளிப்பதற்கு முன் தேய்த்து அலசிவிட வேண்டும், குளித்த பின் தடவினால் படிந்துபோகும். கண்டிஷனர் நுனிக்கு மட்டும் போதும். குனிந்து முடியை முன்னால் தொங்கவிட்டு உலர்த்துங்கள். வகிட்டை ஒரு நாள் மறுபக்கம் மாற்றினாலே வேர் கொஞ்சம் எழும்பி நிற்கும். இரவில் லேசான ஈரத்தில் பின்னிப் படுத்தால் காலையில் அலை அலையாக வரும். என்ன, நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு மத்தியானத்துக்குள் அந்த அலை தளர்ந்துவிடும். மருந்து வைத்த சுருள் அப்படிப் போகாது, ஆனால் மகளுக்கு நடந்ததைச் சொன்னேனே.

அம்மா இப்போது தாமான் வீட்டில் இருக்கிறார். நடந்ததைக் கேட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு பழைய மைலோ டின்னை எடுத்து வந்தார். உள்ளே துணியில் சுற்றிய சவுரி. கடையில் வாங்கியதல்ல. தினமும் சீப்பில் வந்த முடியை உருட்டி, கூரை இடுக்கில் செருகிச் செருகிச் சேர்த்து, லயத்தில் பக்கத்து வீட்டு அக்காவோடு உட்கார்ந்து சிக்கெடுத்துக் கட்டியது. எல்லோருக்கும் நாளுக்கு ஐம்பது, நூறு முடி உதிர்வது வழக்கம்தான். அதைச் சவுரியாக்க அவருக்கு எத்தனை வருடம் ஆயிற்றோ!

வாசலுக்குக் கொண்டுபோய் மகளின் முடியோடு வைத்துப் பார்த்தேன். அதே செம்பட்டை. அதே நேர்முடி.

"பாட்டி, இது உங்க முடியா?"

"பின்ன யாரு முடி? எனக்கு இப்ப இருக்கிறது இதுதான்," என்று தன் நரைத்த சிறு கொண்டையைத் தொட்டுக் காட்டினார். மருந்து எடுத்த வருடத்தில் கொட்டியது, திரும்பச் சரியாக வளரவில்லை.

மகள் தரையில் உட்கார, அம்மா நாற்காலியில் இருந்தபடி பின்னத் தொடங்கினார். கை நடுங்கியதால் மூன்றாவது கால் அடிக்கடி நழுவியது. நான் வாங்கி இறுக்கிப் பிடித்தேன்.

"அப்படி இழுக்காத," என்று என் கையைத் தட்டிவிட்டார். "தெனம் இழுத்துக் கட்டித்தான் எனக்கு நெத்தி ஏறிப்போச்சு. பாப்பாவுக்கு லூசா வை. கல்யாணம் முடிஞ்சதும் ராத்திரியே கழட்டிடணும், சரியா?"