ஏழு புள்ளிகளும் ஒரு புள்ளியும்

மூன்று ஆட்டங்கள், ஏழு புள்ளிகள். நியூயார்க் நிக்ஸ் கூடைப்பந்து அணியில் வாட் மிசாகா ஆடிய கதையைப் புள்ளிவிவர ஏடு இவ்வளவில் முடித்துவிடுகிறது. தடுப்பாட்டக்காரர்களுக்கு ஏடு செய்யும் அநீதி இது. எதிராளி போட முடியாமல் போன பந்துகளை அது எண்ணுவதே இல்லை.

மிசாகா 1923-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஆக்டன் நகரில் பிறந்தவர். ஹிரோஷிமாவிலிருந்து குடியேறிய குடும்பம். அப்பாவுக்கு முடிதிருத்தும் கடை. அதன் நிலவறையில்தான் வீடு. மகனுக்கு 15 வயதாகும்போது அப்பா இறந்துபோனார். ஹிரோஷிமாவுக்கே திரும்பிவிடலாம் என்றார் அம்மா. தான் வரப்போவதில்லை என்றார் மகன். குடும்பம் ஆக்டனிலேயே தங்கிவிட்டது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல், மேற்குக் கரையோரம் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேரை அமெரிக்க அரசு முள்வேலி முகாம்களில் அடைத்தது. அவற்றில் ஒன்றான டோபாஸ் இருந்தது யூட்டாவில்தான். கரையோரத்திலிருந்து தள்ளி வசித்ததால் மிசாகாவின் குடும்பம் தப்பியது. அதே யூட்டாவின் பல்கலைக்கழக அணியில் ஆடி, 1944-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அவர் தேசியக் கோப்பையை வென்றார். டார்ட்மத் அணியுடன் மோதிய இறுதியாட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய் 42-40 என்று முடிந்தது.

பிறகு ராணுவம் அழைத்தது. போர் ஓய்ந்தபின் ஹிரோஷிமாவுக்கே அனுப்பியது. அணுகுண்டுக்குத் தப்பியவர்களிடம் பேசி, குண்டின் விளைவுகளைப் பதிவுசெய்வது அவருக்கு இட்ட வேலை. அம்மா திரும்பிப்போக நினைத்த ஊரை, அமெரிக்கச் சீருடையோடு அவர் அந்தக் கோலத்தில் பார்த்தார்.

திரும்பிவந்து மறுபடியும் பந்தைத் தொட்டார். 1947-ல் அதே மேடிசன் ஸ்கொயர் கார்டனில் இன்னொரு கோப்பை. எதிரே பலம் மிகுந்த கென்டக்கி. அதன் நட்சத்திரம் ரால்ஃப் பியர்டை 5 அடி 7 அங்குல மிசாகா நிழலாகத் தொடர்ந்தார். ஆட்டம் முழுவதிலும் பியர்ட் எடுத்தது ஒரே ஒரு புள்ளி. யூட்டா 49-45 என்று வென்றது.

அந்த ஆண்டே நிக்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்தது. இன்று என்.பி.ஏ. என்று அறியப்படும் லீக்கில் வெள்ளையர் அல்லாத முதல் ஆட்டக்காரர் அவர். முதல் கறுப்பின வீரர் ஏர்ல் லாய்ட் களமிறங்க இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. ஆனால் மூன்றே ஆட்டங்களில் நிக்ஸ் மிசாகாவை விடுவித்தது. தன் இடத்தில் ஆடக்கூடியவர்கள் அணியில் அதிகம் இருந்தார்கள் என்றே அவர் காரணம் சொன்னார். இனத்தைக் காட்டிக் குறைபட்டுக்கொள்ளவில்லை. ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் அழைத்தபோதும் போகவில்லை. ஊர் திரும்பிப் படிப்பை முடித்தார், பொறியாளரானார். 2019-ல், 95 வயதில் காலமானார்.

நிக்ஸ் ஏட்டில் அவர் பெயருக்கு எதிரே ஏழு புள்ளிகள் இருக்கின்றன. அதைப் படிப்பவர்கள், 1947-ல் கென்டக்கியின் கணக்கில் ரால்ஃப் பியர்ட் பெயருக்கு எதிரே இருக்கும் அந்த ஒற்றைப் புள்ளியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.