குழாய்க்குள் பெய்த மழை

ஸ்கார்பரோ, டொராண்டோ.
ஜனவரி.

அன்புள்ள முடிச்சூர் சொந்தங்களுக்கு,

போன வாரம் விடியற்காலையில் பேஸ்மென்ட்டுக்கு இறங்கும்போது பாதிப் படியிலேயே அந்த வாசனை வந்துவிட்டது. ஈரச் சுவரின் வாசனை. உங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் நம் பக்கத்துத் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டித் தீர்த்தது. அடையாறு நம் தெருக்களில் ஏறி வடிந்த பிறகு, பொங்கல் கழிந்தும் வீடுகளில் தங்கியிருந்ததே, அதே வாசனை. எங்கள் கூடத்துச் சுவர் உப்புப் பூத்துப் பொரிந்தது. பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை படர்ந்தது. அம்மா இரண்டு முறை வெள்ளையடித்தும் கறை மறுபடி எட்டிப் பார்த்தது. அந்த வருடத்துக்குப் பிறகு எந்தச் சுவரில் ஈரம் கண்டாலும் என் வயிறு கலங்குகிறது.

பேஸ்மென்ட்டில் எட்டுத் தொட்டிகள் வைத்திருக்கிறேன். நாலு கறிவேப்பிலை, இரண்டு குண்டுமல்லி, ஒரு துளசி, ஒரு கற்பூரவல்லி. அக்டோபர் கடைசியில் உள்ளே கொண்டுவந்தால் மே மாதம்தான் வெளியே போகும். அதுவரை அவற்றுக்குச் சூரியன், கூடாரத்துக்குள் தொங்கும் எல்.இ.டி. க்ரோ லைட். உள்ளே புழுங்காமல் இருக்க ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன். அதிலிருந்து நாலு அங்குல அலுமினியக் குழாய் ஒன்று கோல்டு ரூம் வழியாகத் தெருப்பக்கம் போகிறது. கோல்டு ரூம் என்பது இந்த ஊர் வீடுகளில் வாசல் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் கான்கிரீட் அறை. ஹீட்டர் கிடையாது. தமிழர் வீடுகளில் அரிசி மூட்டையும் வெங்காயமும் அங்கேதான் இருக்கும்.

அன்று வெளியே மைனஸ் 18 டிகிரி. ஃபேனிலிருந்து தண்ணீர் சொட்டி, விளக்கின் ஒயர் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. மெயினை அணைத்துவிட்டுத்தான் கை வைத்தேன். கோல்டு ரூமில் குழாய் தொய்ந்து தொங்கிய இடத்தைத் தூக்கிப் பார்த்தால், ஒரு சொம்புத் தண்ணீர் சலசலத்தது.

எங்கிருந்தோ ஒழுகுகிறது என்றுதான் நினைத்தேன். பக்கத்து வீட்டு மாஸ்டர் யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பித்தவர். வந்து குழாயைத் தொட்டுப் பார்த்தார். “தம்பி, இது ஒழுக்கு இல்லை. உங்கட காத்துத்தான் வேர்க்குது. நாங்கள் பனிபடுநிலை எண்டு படிப்பிச்ச விசயம்,” என்றார்.

தொட்டிக்கு ஊற்றும் தண்ணீரில் பெரும்பகுதி செடியில் தங்குவதில்லை. இலை வழியே காற்றுக்குப் போய்விடுகிறது. 24 டிகிரியில், ஈரப்பதம் 60 சதவீதம் இருக்கும் காற்று, கன மீட்டருக்குச் சுமார் 13 கிராம் நீரைச் சுமக்கும். அந்தக் காற்று 16 டிகிரிக்குக் கீழான எதைத் தொட்டாலும் சுமையை இறக்கத் தொடங்கும். அந்த 16 டிகிரிதான் மாஸ்டர் சொன்ன பனிபடுநிலை. மைனஸ் 18-இல் அதனால் ஒரு கிராம்தான் தாங்க முடியும். நான் அதைக் கோல்டு ரூமின் வெறும் அலுமினியத்துக்குள் தள்ளிக்கொண்டிருந்தேன்.

ஆக, காற்றைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. குழாயின் உட்சுவர் சூடாக இருந்தால் அது வேர்க்காது. மாஸ்டரும் நானும் சனிக்கிழமை முழுக்க அதைத்தான் செய்தோம். கோல்டு ரூமுக்குள் போகும் ஆறடியையும் கண்ணாடிக் கம்பளி சுற்றிய குழாயாக மாற்றினோம். அதன் உள்தாள் எங்கும் கிழியாமல், இணைப்புகள் எல்லாம் டேப் ஒட்டி இறுக்கமாக இருக்க வேண்டும். ஈரம் உள்ளேயிருந்து வருகிறது. ஒரு துளை இருந்தாலும் கம்பளிக்குள் புகுந்து ஊறிவிடும், ஊறிய கம்பளி குளிரைத் தடுக்காது. தொய்வை எடுத்து, வெளிப்பக்கம் சரிவாகக் கட்டினோம். தப்பித்தவறித் துளி சேர்ந்தாலும் தெருவுக்கு ஓடும், விளக்குக்கு வராது. குழாயின் வெளி வாயில் காற்று திரும்பி நுழையாத மூடியும் போட்டோம்.

இன்னொரு தவறு முழுக்க என்னுடையது. விளக்கும் ஃபேனும் ஒரே டைமரில் இருந்தன. இரவு பத்துக்கு விளக்கு அணையும், ஃபேனும் நிற்கும். விளக்கின் சூடு போனதும் கூடாரம் குளிர்கிறது. அதே நீர், குறைந்த வெப்பம். இலைகளே நனைந்துவிடும். மல்லி இலைகளில் வந்த சாம்பல் பூஞ்சைக்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இப்போது ஃபேன் ஈரப்பதத்தைப் பார்த்துத் தானாக ஓடுகிறது. தண்ணீரும் காலையில் விளக்கு போட்ட பிறகுதான்.

இரண்டு மூன்று தொட்டி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு நான் குழாயே வேண்டாம் என்பேன். இங்கே குளிர்காலத்தில் வீட்டுக் காற்று உதடு வெடிக்கும் அளவுக்கு வறண்டு கிடக்கிறது. கூடாரத்தைத் திறந்து அந்த ஈரத்தை வீட்டுக்கே விடலாம். ஜன்னல் கண்ணாடியின் அடி ஓரம் வேர்க்கத் தொடங்கினால் போதும் என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னபோது ஊரில் இருக்கும் என் தம்பி சொன்னான்: “அண்ணா, போன மழைக்கு அம்மா ரூம் ஏசிக்குக் கீழ சுவர் ஊறிப்போச்சே, மெக்கானிக் கேஸ் லீக்குன்னாரு, டிரெயின் அடைப்புன்னாரு. ரெண்டுமே இல்லைன்னா?” மாடிக்குப் போய் வீடியோவில் குழாயைக் காட்டச் சொன்னேன். செம்புக் குழாய் மேல் போட்டிருந்த கறுப்பு ஸ்பாஞ்சை அணில் கடித்து, சுவர் ஓட்டையருகே ஒரு சாண் அளவுக்குச் செம்பு வெளியே தெரிந்தது.

இங்கே குழாய்க்குள் ஈரம், வெளியே குளிர். அங்கே குழாய்க்குள் குளிர், வெளியே ஈரம். ஐப்பசி கார்த்திகையில் நம் ஊர்க் காற்றுக்கு 24 டிகிரியே போதும், நீரை இறக்கிவிடும். ஏசியின் செம்பு அதைவிட எவ்வளவோ குளிர்ந்தது. அதனால் இங்கே உள்தாள் முக்கியம் என்றால் அங்கே வெளித்தோல் முக்கியம். ஈரம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தை அடைக்க வேண்டும்.

தம்பி புது ஸ்லீவ் வாங்கிப் போட்டு, டேப் சுற்றிவிட்டான். நீங்களும் மாசி பங்குனியில் ஏசியைப் போடும் முன், சுவர் ஓட்டைக்கு வெளியே அந்தக் கறுப்பு ஸ்பாஞ்சை ஒரு தடவை கையால் தடவிப் பாருங்கள். வெயிலில் பொடிப்பொடியாக உதிர்ந்தால் மாற்றிவிடுங்கள்.